இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால்: பாதிக்கப்பட்டவரின் ஹக்கும் நமது பொறுப்பும்

(நமது பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்கு முன் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரை. ஜமாஅத்தார் பலரின் வேண்டுகோளுக்கிணங்க, வீட்டிலுள்ள சகோதரிகளும் படித்துப் பயன்பெறும் வகையில் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.
நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம்.

   

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில் நாம் வாழ்கிறோம். பாலத்தைக் கடந்து பழையசீவரம் சென்றால் காஞ்சிபுரம் – செங்கல்பட்டு நெடுஞ்சாலை. இந்தப் பக்கம் திரும்பினால் உத்திரமேரூர் செல்லும் கிராமச் சாலைகள். கல்குவாரிகளிலிருந்து வரும் டிப்பர் லாரிகளும், வேலைக்கு விரையும் இருசக்கர வாகனங்களும், பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களும் இந்த ஒரே சாலையில்தான் செல்கின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழகச் சாலைகளில் 17,884 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. ஒரு பெரிய ஊரே இல்லாமற் போனதற்கு இது சமம்.

விபத்து நேர்ந்தபின் மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்று தெரியவந்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்தார் இடிந்துபோகின்றனர். "இன்ஷூரன்ஸே இல்லையாம், இனி யாரிடம் கேட்பது? நஸீபு அவ்வளவுதான்" என்று கேஸையே விட்டுவிடுகின்றனர். நமது நாட்டில் ஓடும் வாகனங்களில் ஏறத்தாழப் பாதிக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். எனவே இது எங்கோ யாருக்கோ நேரும் நிலையன்று. இன்ஷூரன்ஸ் இல்லை என்பதால் ஹக்கு இல்லை என்று ஆகிவிடாது என்பதையும், அந்த ஹக்கைப் பெறும் வழியையும் விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

மதரஸாவில் ஃபிக்ஹு படிக்கும்போது, மஸ்அலாக்களை விளக்க ஜைது, அம்ரு என்று இரு பெயர்களைச் சொல்வது வழக்கம். நாமும் அவ்வாறே வைத்துக்கொள்வோம். ஜைது தனது மொபெட்டில் வாலாஜாபாத்திலிருந்து ஊர் திரும்புகிறார். அம்ருவின் பைக் பின்னாலிருந்து வேகமாக வந்து மோதுகிறது. ஜைதுக்குக் கால் எலும்பு முறிகிறது. அம்ருவின் வண்டிக்கு இரண்டு வருடங்களாக இன்ஷூரன்ஸ் இல்லை. இனி என்ன செய்வது?

உயிர் முதலில்

முதற்கடமை சிகிச்சை. நமது ஊர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் இங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை இருந்ததையும், அதில் வைத்தியர், அறுவைச் சிகிச்சை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பராமரிக்கும் பெண்கள் ஆகியோர் பணிபுரிந்ததையும், அவரவர்க்கு என்ன வழங்க வேண்டும் என்பதையும் அது கூறுகிறது. நோயாளி வந்தபின் ஓடித் தேடாமல், வருமுன்னே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து கல்லிலும் பொறித்து வைத்த ஊர் இது. நாமும் வருமுன் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

108க்கு அழையுங்கள். பணம் கையில் இல்லையே என்று தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்னும் தமிழக அரசின் திட்டம், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குவதற்காக ஏற்பட்டது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை, ஒருவருக்கு 1,50,000 ரூபாய் வரை, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டாலும், அது நிற்காமல் ஓடிவிட்டாலும் இது பொருந்தும். ஆனால் அது விபத்துதான் என்பதைக் காவல்துறை உறுதி செய்ய வேண்டும். ஆகவே மருத்துவமனைக்கு ஒருவர் செல்லும்போதே, காவல்துறைக்கு மற்றொருவர் தகவல் தந்துவிட வேண்டும்.

கீழே கிடப்பவரைத் தூக்கினால் நமக்கு வழக்கு வரும் என்ற பயம் இன்னும் சிலரிடம் உள்ளது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது. தமது பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அடிபட்டவர் எந்தச் சமயத்தவராயினும் அவரைத் தூக்கி விடுவது நமது மார்க்கக் கடமையாகும்.

சாலையோரச் சமாதானம் வேண்டாம்

அம்ரு கெட்டவர் அல்லர். பயந்துபோய், "பாய், போலீஸெல்லாம் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கூடியிருப்பவர்களும் அதையே சொல்கின்றனர். கையில் ஐயாயிரம் ரூபாய் தரப்படுகிறது. ஜைதும் சம்மதிக்கிறார். ஒரு வாரத்தில், காலில் தகடு வைக்க வேண்டும், ஆறு மாதம் வேலைக்குச் செல்லக் கூடாது என்று மருத்துவர் கூறுகிறார். அம்ருவின் தொலைபேசி எடுக்கப்படுவதில்லை. வழக்குப் பதிவாகவில்லை, வண்டியும் கைமாறிவிட்டது. ஜைதிடம் இப்போது எந்த ஆதாரமும் இல்லை.

எனவே அந்த இடத்திலேயே வண்டி எண்ணையும், வண்டிகள் விழுந்து கிடக்கும் நிலையையும் செல்போனில் படமெடுங்கள். பார்த்தவர்கள் இருவரின் பெயரையும் எண்ணையும் வாங்கி வையுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பது தெரியும். காலாவதியாகியிருந்தால் அந்தத் திரையையும் அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுங்கள். புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலனில்லையெனில் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்திற்குள் விபத்தின் முதல் அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தைப் பத்து நாட்களுக்குள் அவரிடம் தர வேண்டும். அதனைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது குற்றமல்ல.

மருத்துவமனையில் பதிவு செய்யும்போது "கீழே விழுந்துவிட்டார்" என்று சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடி, இந்த எண்ணுள்ள வண்டி மோதியது என்று சொல்லுங்கள். அந்த முதல் வரிதான் பின்னர் நீதிமன்றத்தில் பேசும். மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, ஆட்டோ வாடகை ரசீது, சம்பளம் நின்றதற்கான கடிதம் ஆகியவற்றை ஒரே பையில் சேர்த்து வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் மிக நீண்ட வசனமே நமக்குக் கட்டளையிடுகிறது. எழுத்து இல்லாத இடத்தில் ஹக்கு வீணாகிவிடும்.

மவுத்து நேர்ந்துவிட்டால்

அல்லாஹ் காப்பாற்றுவானாக! விபத்தில் உயிர் போய்விட்டால், மையித்தை விரைவாக அடக்க வேண்டும் என்று நாம் துடிக்கிறோம். அது சுன்னத்துதான். ஆனால் அந்த அவசரத்தில் "போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், புகாரும் இல்லை" என்று எழுதிக் கொடுத்து மையித்தை வாங்கி வருபவர்கள் உள்ளனர். அந்த ஒரு கையெழுத்தால், இறந்தவரின் சிறு பிள்ளைகள் தமது ஹக்கை நிலைநாட்ட இயலாமற் போகக்கூடும். மையித்தின் கண்ணியம் மிகப் பெரியது. தேவையின்றி உடலை அறுப்பது கூடாது. எனினும் ஒருவரது ஹக்கை நிலைநாட்டும் நிர்ப்பந்தம் ஏற்படும்போது அதற்கு அனுமதி உண்டு என்று நமது காலத்து உலமாக்கள் பலர் விளக்கியுள்ளனர். ஜமாஅத்தார் உடன் சென்று, பரிசோதனை விரைவில் முடியவும், கண்ணியம் காக்கப்படவும் ஆவன செய்வதே சரியான உதவியாகும்.

இன்னொன்றையும் சகோதரிகள் கவனிக்க வேண்டும். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். கணவரை இழந்தவருக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாட்கள். இத்தா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால், மீதமிருப்பது இரண்டு மாதங்களுக்கும் குறைவே. கர்ப்பிணியாயின் பிரசவம் வரை இத்தா நீளலாம். கெடு அதற்குள்ளேயே முடிந்துவிடவும் கூடும். வக்காலத்தில் வீட்டிலிருந்தே கையெழுத்திடலாம். அலைச்சலை நெருங்கிய ஆண்கள் ஏற்றுக்கொள்ளலாம். தவிர்க்க முடியாத தேவைக்காகப் பகலில் வெளியே சென்று வர, கணவரை இழந்தவருக்கு ஹனஃபி மத்ஹபில் அனுமதியும் உண்டு. இத்தா ஹக்கை இழப்பதற்குக் காரணமாகக் கூடாது. ஆறு மாதம் கடந்துவிட்டவர்களும் தாங்களாகவே முடிந்தது என்று முடிவு கட்டாமல், வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாவிடில் யார் தர வேண்டும்?

இழப்பீட்டுக்கு அடிப்படைப் பொறுப்பாளிகள் வண்டி ஓட்டியவரும் அதன் சொந்தக்காரரும் ஆவர். இன்ஷூரன்ஸ் கம்பெனி என்பது அவர்களது சுமையை ஏற்றுக்கொள்ள வந்த மூன்றாம் நபர். மூன்றாம் நபர் இல்லாததால் முதல் இருவரின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

ஆகவே ஜைது, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். விபத்து நடந்த இடம், தாம் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் ஆகியவற்றுள் எதன் எல்லையிலும் தாக்கல் செய்யலாம். மருத்துவச் செலவு, இழந்த வருமானம், ஊனத்தால் இனி இழக்கப்போகும் வருமானம், பட்ட வேதனை அனைத்தும் கணக்கிடப்படும். குடும்பப் பெண்ணின் வீட்டு வேலைக்கும் நீதிமன்றங்கள் மதிப்புக் கணக்கிடுகின்றன. 164ஆம் பிரிவு என்று மற்றொரு வழியும் உண்டு. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே, மரணத்துக்கு ஐந்து இலட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமும் சொந்தக்காரரோ இன்ஷூரன்ஸ் கம்பெனியோ தர வேண்டும். ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166இன் கீழுள்ள மனு முடிந்துவிடும். எது நன்மை என்று வழக்கறிஞரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

சொந்தக்காரர் யார்? ஆர்டிஓ பதிவேட்டில் யாருடைய பெயர் உள்ளதோ அவரே என்று 2018ஆம் ஆண்டில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் பதிவேட்டிலுள்ளவர் தப்ப முடியாது. ஜைதுக்கு இது ஒரு பிடி. நமக்கோ இது ஓர் எச்சரிக்கை. பழைய வண்டியை வெறும் கைச்சீட்டில் விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் இருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! யாரோ ஓட்டி, எங்கோ மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால் என்ன செய்வது என்பதே பலரது கவலை. அதற்கு முதல் வாய்ப்பு அந்த வண்டியே. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், சொந்தக்காரர் போதிய பிணை தராதவரை அதை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதங்களுக்குள் பிணை தராவிட்டால் அதை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். இந்த ஏற்பாட்டை எல்லா மாநிலங்களும் செய்ய வேண்டுமென்று 2018ஆம் ஆண்டில் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022ஆம் ஆண்டின் மத்திய விதிகளிலும் இது இடம்பெற்றது. ஆகவே வண்டி காவல் நிலையத்தில் நிற்கும்போதே, "இதற்கு இன்ஷூரன்ஸ் இல்லை, பிணையின்றி விடுவிக்கக் கூடாது" என்று வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கொடுங்கள். வண்டி வெளியே போனபின் இதைக் கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது வாய்ப்பு 174ஆம் பிரிவு. தீர்ப்பாயம் சான்றிதழ் அனுப்பினால், மாவட்ட ஆட்சியர் அந்தத் தொகையை நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிப்பார். அம்ருவுக்கு நிலமோ வீடோ இருந்தால் இதற்குப் பயன் உண்டு. ஒன்றுமே இல்லாதவரிடம் வசூலிப்பது கடினம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் கீழே சொல்லப்படும் மற்ற வாசல்களையும் தட்ட வேண்டும்.

மற்ற வாசல்கள்

ஜைதின் சொந்த வண்டியின் பாலிசியைப் பாருங்கள். அதில் சொந்தக்காரர் ஓட்டும்போது நேரும் விபத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால், எதிர்வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 15 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய் உண்டு. அப்படியொரு பிடித்தம் இருப்பதே தெரியாமல் பல குடும்பங்கள் கேட்காமல் விட்டுவிடுகின்றன. பாஸ்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் சட்டம் வேறு. அதற்கு 161ஆம் பிரிவு உள்ளது. 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு இரண்டு இலட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய். முன்பு இது 25,000, 12,500 ஆக இருந்தது. மனுவை நமது வட்டத்தின் வருவாய்த்துறை அதிகாரியிடம் தர வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் அவர்கள் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு இட்டது. ஒரு மாதத்திற்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்த இழப்பீடு உண்டு என்பதைக் காவல்துறையே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மற்றொரு வேறுபாட்டையும் அறிக. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்து, ஓட்டியவரிடம் லைசென்ஸ் மட்டும் இல்லையெனில் மனம் தளராதீர்கள். 2004ஆம் ஆண்டின் ஸ்வரன் சிங் வழக்குத் தீர்ப்புக்குப் பின், கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிட்டு வருகின்றன.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"அது பிணத்தின் காசு, வாங்கலாமா?" என்று சிலர் கேட்கின்றனர். தவறுதலாக ஓர் உயிர் போனால், இறந்தவரின் குடும்பத்தாரிடம் தியத்து ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கிறது. கொன்றவருக்குக் கஃப்பாராவும் தனியே உண்டு. ஆகவே இழப்பை ஈடுசெய்வது கருணையால் வரும் தர்மம் அன்று, அது ஹக்கு. சவாரி செய்பவரின் கால்நடை மிதித்துவிட்டால் அவரே பொறுப்பாளி என்று ஹனஃபி சட்ட நூல்கள் கூறுகின்றன. இன்றைய கால்நடை நமது பைக். தீர்ப்புத் தொகையோடு வட்டி என்ற பெயரில் சேர்ந்து வரும் பகுதியை என்ன செய்வது என்பதை மட்டும் முஃப்தியிடம் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காக மூலத்தொகையைக் கேட்காமல் விட வேண்டியதில்லை.

மன்னிப்பது சிறந்ததல்லவா? ஆம், மிகச் சிறந்தது. ஆனால் மன்னிக்கும் அதிகாரம் யாருடையது என்று பார்க்க வேண்டும். ஜைது தமது காலுக்கான ஈட்டை மன்னிக்கலாம். இறந்தவரின் பருவமடையாத பிள்ளைகளின் பங்கை அவர்களுடைய பெரியப்பாவோ, ஜமாஅத்தோ, இமாமோ மன்னிக்க முடியாது. அது எத்தீமின் சொத்து. எத்தீமின் சொத்தை அநியாயமாக உண்பது குறித்துத் திருமறை விடுத்துள்ள எச்சரிக்கையை நாம் அறிவோம்.

சமாதானம் வேண்டுமெனில் அதற்கும் முறை உண்டு. காயம் எவ்வளவு என்று மருத்துவர் முடிவாகச் சொன்னபின், மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடித்துக்கொள்ளுங்கள். அங்கே எழுதப்படும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. தவணையாகக் கொடுத்தாலும் எழுத்தில் இருக்கும். ஏழையான அம்ருவுக்கும் அதில் எளிதுண்டு.

அம்ருவுக்கும் ஒரு சொல். தீர்ப்பு வரப்போகிறதென்று வீட்டை மைத்துனர் பெயருக்கு மாற்றுபவர், ஆட்சியரிடமிருந்து தப்பலாம். ஜனாஸா தொழ வைக்குமுன், இறந்தவருக்குக் கடன் உண்டா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததுண்டு. கடனை ஏற்றுக்கொள்ள ஒருவர் முன்வரும்வரை அவர்கள் தொழ வைக்காமல் நின்றதும் ஹதீஸில் வந்துள்ளது. ஜைதின் உடைந்த கால் அம்ருவின் மீதுள்ள கடன்.

நமது வண்டிகள்

இவ்வளவு நேரம் நம்மை ஜைதாகவே எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது வாசலைப் பாருங்கள். அங்கே நிற்கும் நமது வண்டிகளில் எத்தனை அம்ருவின் வண்டிகள்?

"இன்ஷூரன்ஸ் ஹராம், ஆகவே எடுக்கவில்லை" என்பார்கள் சிலர். ஆயுள் காப்பீடு போன்றவற்றில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருப்பதால் உலமாக்கள் தடை கூறியுள்ளனர் என்பது உண்மையே. எனினும் சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் காப்பீட்டை, அந்தக் கட்டாயத்தின் காரணமாக எடுக்கலாம் என்றே பெரும்பாலான உலமாக்கள் கூறுகின்றனர். தவறுதலாகக் கொலை செய்தவரின் தியத்தை அவர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல், "ஆகிலா" எனப்படும் அவரது கூட்டத்தார் மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து செலுத்தும் முறை நமது ஷரீஅத்தில் உண்டு. உமர் (ரலி) அவர்களது காலத்தில், இரத்த உறவுக்கு அப்பால், ஒரே பதிவேட்டில் பெயர் உள்ளவர்களும் ஆகிலாவாக ஆக்கப்பட்டனர். கம்பெனி நடத்தும் காப்பீடும் ஆகிலாவும் ஒன்றல்ல. ஆயினும் பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற கவலை நமது ஷரீஅத்திற்குப் புதிதன்று.

"அல்லாஹ் பாதுகாப்பான், தவக்குல் வைத்திருக்கிறேன்" என்பார்கள் வேறு சிலர். எனக்கு நேரும் தீங்கில் நான் தவக்குல் வைக்கலாம். என்னால் பிறருக்கு நேரும் தீங்கில், அவரது ஹக்கை வைத்து நான் தவக்குல் வைக்க முடியாது.

செலவு எவ்வளவு? 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சிசி வரையிலான இருசக்கர வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீடு, வரி நீங்கலாக ஆண்டுக்கு 714 ரூபாய். நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. புது வண்டிக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுத்துத் தருகின்றனர். அது முடியும் ஆண்டில்தான் நாம் மறந்துவிடுகிறோம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தைமார்களே! 199ஏ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உங்களுக்கே.

ஜமாஅத்தின் கடமை

நிறைவாக, முத்தவல்லி அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் நான்கு வேண்டுகோள்கள்.

ஒன்று: முஹல்லாவிலுள்ள வண்டிகளின் எண்ணையும் இன்ஷூரன்ஸ் முடியும் தேதியையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்து, ஒரு மாதம் முன்பே நினைவூட்ட வேண்டும்.

இரண்டு: கட்ட இயலாதவர்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து கர்ழு ஹஸனாவாகக் கடன் தர வேண்டும். பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் ஏழாயிரம் ரூபாய் அளவில்தான் வரும்.

மூன்று: விபத்து என்று செய்தி வந்தால் மருத்துவமனைக்கு இருவர், காவல் நிலையத்திற்கு இருவர் என இளைஞர்களை முன்கூட்டியே நியமித்து வைக்க வேண்டும். நமது ஊரின் பிறசமயச் சகோதரர்களுக்கும் இந்த உதவி கிடைக்க வேண்டும்.

நான்கு: காயத்தின் அளவு தெரியுமுன் எந்த விபத்துப் பஞ்சாயத்தையும் நமது அலுவலகத்தில் பேசி முடிப்பதில்லை என்றும், எத்தீம்களின் பங்கில் எந்த விட்டுக்கொடுத்தலுக்கும் ஜமாஅத்தின் முத்திரையைத் தருவதில்லை என்றும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

சகோதரர்களே! இன்று வீட்டுக்குச் சென்றதும் வண்டியின் காகிதங்களை எடுத்துத் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால், புதுப்பித்த பிறகே சாவியைத் தொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் சாலைகளின் ஆபத்துகளிலிருந்து பாதுகாப்பாயாக. அடிபட்டுக் கிடப்போருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. விபத்தில் மவுத்தாகிப்போனவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களது குடும்பத்தாருக்குப் பொறுப்பாளனாக நீயே இருப்பாயாக. பிறரது ஹக்கு எங்கள் கழுத்தில் இருக்கும் நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்ளாதே. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.